தங்கள் தங்கையின் தலைமுடி மற்றும் இதர விஷயங்கள் குறித்து

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கள் முட்டிவலி இறங்கியிருக்கும், அக்காவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, பவர் எழுதும் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் 'வலது கண், இடது கண்' என்று அச்சடித்திருக்கும். பொருட்படுத்த வேண்டாம்.

விஷயம் இதுதான். மூத்தவர் என்ற முறையில் தாங்கள் ஒரு தடவை நேரில் வந்து தங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அதில் கடைசிப் பதினோரு வருடம் வார்டுக்கே தலைமை வகித்து, டாக்டர்கள்கூட 'பெரிய சிஸ்டர்' என்று அழைத்து ஒதுங்கி நின்ற ஒருத்தி, ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏழு வெள்ளை உடுப்பு, நான்கு நைட்டி, யாரோ கொடுத்து இவள் பிரிக்காமலே வைத்திருந்த இரண்டு புடவை. அவ்வளவுதான்.

"ஏங்க, எனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். "வெள்ளை" என்றேன்.

மச்சான், அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய் ஒரு மூட்டை துணியோடு வந்தாள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம், இன்னும் பெயர் தெரியாத ஒரு நிறம். அதோடு விட்டாளா? வார்டு பழக்கம் போகுமா? பீரோ கதவில் ஒரு அட்டையை மாட்டி, ஒவ்வொரு உடுப்புக்கும் நோயாளி மாதிரி குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டாள். 'கிளிப்பச்சை. சேர்க்கை காலை ஒன்பது மணி. பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரருக்குக் கண் கூசியது. பன்னிரண்டு மணிக்கு எனக்கே தலைவலி. டிஸ்சார்ஜ்.' கத்தரிப்பூ நிறத்தை நாற்பத்தெட்டு மணி நேரம் கண்காணிப்பில் வைத்தாள். நானும் பார்த்து அபிப்பிராயம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதினால், "இதெல்லாம் ஒரு ரிப்போர்ட்டா? எங்க நல்லாருக்கு, எப்படி நல்லாருக்கு, விவரமா எழுதுங்க" என்று திருப்பி நீட்டுகிறாள். கடைசியில் தேறி வந்தது மை நீலம் ஒன்றுதான். அதைப் போட்டுக்கொண்ட அன்று அட்டையில் ஒன்றுமே எழுதவில்லை. கண்ணாடி முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நின்றாள்.

மை நீலம் என்று முடிவானதும் தையல்காரரிடம் போனோம். நீளமான சட்டை மாதிரி தைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வேண்டும் என்றாள். தையல்காரர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, "லேடீஸ் டிரஸ்ல பாக்கெட் வச்சா ஷேப் போயிடும் மேடம்" என்றார். "கத்தரிக்கோல், பேனா, தெர்மாமீட்டர்னு முப்பத்தி நாலு வருஷம் எல்லாம் பாக்கெட்லதான் இருந்துச்சு. என் ஷேப்பே அதுதான். தைங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

சரி, துணியோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து தலைக்குப் போனாள். தெருமுனை அழகு நிலையத்துப் பெண், "ஆன்ட்டி, உங்க ஸ்கின்னுக்கு ஒயின் கலர் தூக்கலா இருக்கும்" என்று சொல்லி ஒரு முடிச்சாய டப்பாவைக் கொடுத்துவிட்டது. முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். தடவினாள். யாருடைய காதுக்குப் பின்னால் என்று நினைக்கிறீர்கள்?

"எனக்கு அலர்ஜி வந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வந்தா நான் பாத்துக்குவேன். எனக்கு வந்தா யாருங்க பாக்குறது?" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டு நாள் கழித்து, கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு பிரேம் மாட்டிப் பார்க்கக் குனிந்தபோது, "சார், காதுகிட்ட கன்னிப்போய் இருக்கே, வீட்ல எதுவும் சண்டையா?" என்று அவர் ரகசியமாகக் கேட்டார். மச்சான், என் மானம் அங்கே போனது. அவ்வளவு பாடுபட்டுச் சோதித்த சாயத்தை அவள் கடைசியில் போட்டுக்கொள்ளவும் இல்லை. "நரை நல்லாத்தான் இருக்கு, நீளம்தான் எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை.

வாங்கியிருக்க வேண்டும். போன வாரம் கடையிலிருந்து வந்தால், கூடத்தில் முதுகைக் காட்டியபடி யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருக்கிறார். கழுத்தோடு நறுக்கிய வெள்ளிமுடி, நீலச் சட்டை. இவளோடு வேலை பார்த்த யாரோ டாக்டர் என்று நினைத்து, செருப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, "வாங்க மேடம், உக்காருங்க, அவ பக்கத்துலதான் எங்கயாவது போயிருப்பா. ரிட்டயர் ஆனதுலேருந்து கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கா, ஏதாவது பேசினா மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினார். மேற்கொண்டு என்ன நடந்தது என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன். அன்று சாப்பாட்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு முகம். உதட்டுச் சாயத்தில் ஒன்பது வகை வாங்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகப் போட்டுப் பார்த்து, அடர்ந்த சிவப்பைத் தேர்ந்தெடுத்தாள். கண்ணுக்கு மை வரையத்தான் முடியவில்லை. பிறந்து ஒரு வாரம் ஆன பிள்ளைக்கே நரம்பு தேடிப் பிடித்து ஊசி போட்ட கை அது. தன் கண் அருகில் போனதும் நடுங்குகிறது. ஒரு கண் கோபமாகவும் ஒரு கண் தூக்கமாகவும் வந்து நின்றாள். "நீங்கதான் தினமும் ஊர்க்காரங்க முகத்தெல்லாம் பிடிச்சுப் பாக்குறீங்களே, நீங்க வரைஞ்சு விடுங்க" என்றாள்.

மச்சான், இதைத் தங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். இருபத்தொன்பது வருடமாக நான் செய்கிற வேலை முகம் பார்ப்பது. உருண்டை முகத்துக்குச் சதுர பிரேம், ஒடுங்கிய முகத்துக்கு அகல பிரேம் என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பியபோதுதான், இடது இமையின் மேல் கடுகளவு மச்சம் ஒன்று இருப்பதைப் பார்த்தேன்.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"பொறந்ததுலேருந்து இருக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

தங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த மச்சத்தின் மேல் மை படாமல் வரைந்தேன். அவளிடம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஆனது, இரண்டு கண்ணும் ஒன்றுபோல வந்தன.

எதற்கு இந்தப் பாடு என்றால், அன்று ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்குப் புத்தி சொல்ல இவளை அழைத்திருந்தார்கள். நீலச் சட்டை, நறுக்கிய முடி, சிவப்பு உதடு, நான் வரைந்த கண். புறப்பட்டுப் போனாள். நான் கடைக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "வீட்டுக்கு வாங்க" என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய வெள்ளை உடுப்பில். உதட்டுச் சாயத்தைத் துடைத்ததில் தாடை வரை சிவப்பு இழுபட்டிருந்தது.

"வாசல்ல வாட்ச்மேன் நிறுத்திட்டான்" என்றாள். "பதினோரு வருஷம் எனக்கு சல்யூட் அடிச்சவன். பாக்க வர்ற நேரம் நாலு மணிக்குத்தான், ஓரமா நில்லுங்கம்மான்னுட்டான்."

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? இதப் போட்டிருந்தா பெரிய சிஸ்டர். கழட்டிட்டா நான் யாருங்க?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தால், "அந்தக் கண்ணு வரைய எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, அதப்போய் அழிச்சிட்டியே" என்றுதான் வந்தது. உளறிவிட்டேன் என்று பயந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முதலில் அழுகிறாள் என்றே நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

"எழுந்திரு. நீலத்தப் போடு. மறுபடியும் வரையிறேன். இந்தத் தடவை நானும் வரேன்" என்றேன். முதலாளிக்குப் போன் செய்து அரை நாள் லீவு சொன்னேன். அவர், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போனார்.

வாசலில் அதே வாட்ச்மேன். எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி, "ஐயா, அம்மாவ அந்தப் பக்கம்..." என்று ஆரம்பித்தார். இவள் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"முதல்ல அந்தச் சட்டைப் பொத்தானைப் போடு. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஆளு இப்படியா நிப்பே?"

அவர் கை பொத்தானைப் போட்டுவிட்டது. அதற்கு அப்புறம்தான் ஆளுக்கு நினைவு வந்தது. "ஐயோ, பெரிய சிஸ்டர்! மன்னிச்சிருங்க சிஸ்டர், சத்தியமா அடையாளம் தெரியல. முடி... நல்லாருக்கு சிஸ்டர். பத்து வயசு..."

"மேல் பொத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பத்தடி தள்ளிப் போனதும் அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இந்தத் தடவை சிரிப்பு என்று சரியாகவே கண்டுபிடித்தேன்.

நல்லவேளை, கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனவள் அதைப் பிரிக்கவே இல்லை. "நோயாளிங்க முன்னாடி உங்க உடுப்பு பளிச்சுனு இருக்கணும். வீட்டுக்குப் போனா கழட்டி மாட்டிடுங்க. நான் மாட்ட மறந்துட்டேன். உங்களுக்கு என்ன பிடிக்கும்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கங்க. அப்புறமா தேடினா வீட்ல இருக்கிறவரு பாவம்" என்றாள். எல்லாப் பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முடிந்ததும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊசி மருந்து பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. முடி எங்கே வெட்டினீர்கள், உதட்டுச் சாயம் என்ன நம்பர், சட்டை யார் தைத்தது, அவ்வளவுதான் கேள்வி.

ஆகவே மச்சான், என் நிலைமையைத் தாங்கள் யோசிக்க வேண்டும். இத்தனை வருடம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, பேப்பரைப் பார்த்துப் பேசி, நிம்மதியாக இருந்தவன். இப்போது தினமும் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுகிறாள். தயவுசெய்து அடுத்த வாரமே புறப்பட்டு வந்து, இதெல்லாம் போதும் என்று அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்கள் கண் பவரைப் பரிசோதித்து இரண்டு வருடம் ஆகிறது, அதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மாறாத, தங்கள் சொற்படி நடக்கும் மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். அடுத்த வாரம் வர வேண்டாம், நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். கடலைப் பார்த்து நாளாயிற்று என்றாள், இருவரும் போகிறோம். வேறு எப்போது வந்தாலும் மேலே எழுதியதில் எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். தையல்காரரிடம் சொல்லி எனக்கும் ஒரு சட்டை தைக்க வைத்துவிட்டாள். பூப்போட்டது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அளவு கச்சிதமாக இருக்கிறது. நேற்று அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னய்யா, என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல முதலாளி, வீட்ல ரிட்டயர் ஆயிட்டாங்க" என்றேன்.