அசலோடு ஒத்துவராத ஊற்று

"இந்த ஊற்று நாறுகிற வரைக்கும் நம் ஊர்..." என்று நீர் மண்டபத் திறப்பு விழாவில் கிழ வைத்தியர் ஷிமெக் ஏதோ சொன்னார். உருப்படும் என்றாரா, உருப்படாது என்றாரா, பித்தளை வாத்தியக்காரர்கள் முந்திக்கொண்டதில் மேயர் ஹைனெக்குக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

நாற்றம் மட்டும் நிச்சயம். அழுகின முட்டை வாடை. மூக்கு வைத்த பீங்கான் குவளையில் பிடித்து, முகத்தைச் சுளித்து, மண்டபத்தில் உலாத்திக்கொண்டே உறிஞ்சினால் மூட்டுவலி போகும் என்று பொஹீமியா தேசம் முழுவதிலிருந்தும் ஆள் வரும்.

பிறகு ஊற்று நீரை அடைத்து விற்க ஓர் ஆலையும், பாட்டிலும் வந்தன. விருந்து மேசையில் முட்டை வாடையா என்று வியன்னாச் சீமாட்டிகள் திருப்பி அனுப்பினார்கள். ஆலைக்காரர் தண்ணீரைக் காற்றாட வைத்து, வாடையை ஓட்டி, இரும்பை வடிகட்டி, குமிழி ஏற்றினார். சீமாட்டிகள் சொக்கிப்போனார்கள். அரசாங்கம் அந்தப் பாட்டிலைச் சோதித்து, "வாடையற்றது, அசல்" என்று முத்திரை குத்தியது.

முத்திரைக்குப் பின்னாலேயே ஆய்வாளர் க்ராம்லிங் வந்தார். ஊற்றை முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்தார்.

"மேற்படி ஊற்றானது மேற்படி பாட்டிலைப் பின்பற்றி நடந்துகொள்ளத் தவறிவிட்டது. ஆகவே போலி."

"ஐயா, அந்த பாட்டில் தண்ணியே இங்கேருந்துதானே போகுது!"

"போறப்ப எப்படி இருந்ததுன்னு சட்டம் கேக்கலை, மேயர். வந்து சேர்றப்ப அசல். அது போதும்."

"பூமிக்கடியிலேருந்து வர்றதை நான் எப்படிங்க மாத்துறது?"

"அதைப் பூமிகிட்ட பேசிக்கோங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வாடை நிக்கலைன்னா, 'நீரூற்று நகரம்'ங்கிற பட்டம் ரத்து."

பட்டம் போனால் விருந்தாளிகள் போவார்கள். அப்புறம் ஹைனெக்கின் விடுதியில் தொடங்கி, தெருமுனையில் வேஃபர் பிஸ்கோத்து சுடுகிறவள் வரை எல்லார் அடுப்பும் அணையும். குவளையோடு நின்ற கூட்டத்தை அவர் துணைக்குப் பார்த்தார்.

"அவர் சொல்றது நியாயந்தான்," என்றாள் பிராக் நகரத்துச் சீமாட்டி ஒருத்தி. "வீட்டுல பாட்டில்ல குடிக்கிறப்ப இந்த நாத்தமே இல்லை. இங்கேதான் ஏமாத்துறாங்க."

"கோல் ஊணிக்கிட்டு வந்தீங்களேம்மா, இப்ப கைய வீசிக்கிட்டு நடக்குறீங்களே?" என்றார் ஹைனெக்.

"அது வேற விஷயம்."

சாயங்காலம் வண்டி ஏறும் முன் க்ராம்லிங் மேயரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரல் பவ்யமாகிவிட்டது.

"எங்க வீட்டம்மாவுக்கு முட்டி வலி. மேலதிகாரிக்கும்தான். அந்தப் போலித் தண்ணி ரெண்டு ஜாடி கிடைக்குமா? வாடை போயிடாம மூடி குடுங்க."

மறுநாள் காலையில் ஹைனெக், மண்டபக் குழாய்களில் பாட்டில் தண்ணீரை ஊற்ற ஆள் வைத்தார். ஊற்று நீரைப் பின்வாசல் வழியாக, அதிகாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்.