செங்கல் அக்காவின் குளிர்காலம்

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை முழுமனதாக நம்பிய ஒரே ஆத்மா, தி.நகர் லேடீஸ் ஹாஸ்டலில் என் அறையில் இருந்த செங்கல் அக்காதான். டிசம்பரிலும் ஃபேனை ஐந்தில் வைத்துத் தூங்கும் எங்கள் நடுவே, அவள் மட்டும் ரெண்டு காலிலும் உல்லன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுப்பாள்.

திருநெல்வேலிப் பக்கம். பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ். பகலெல்லாம் நின்றுவிட்டு வந்தும் அறையில் உட்கார மாட்டாள். நின்றே சாப்பிடுவாள். நின்றே போன் பேசுவாள். புடவை எடுக்க வந்த அம்மா ஒருத்தி இமயமலைப் பனியில் தான் நடந்த படத்தைக் காட்டிவிட்டுப் போக, அக்காவுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பயிற்சிக்காக முதுகுப் பையில் செங்கற்களை அடுக்கிக்கொண்டு காலையில் பட்டினப்பாக்கம் மணலில் நடக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் போலீஸ்காரர் மடக்கினார்.

"இன்னாமா பையில?"

"செங்கல் சார்."

"எங்க கட்டடம் கட்ற?"

"இமயமலை ஏறப் போறேன் சார்."

அவர் பையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். பிறகு, "வூட்ல சொல்லிட்டியா?" என்றார்.

அதோடு விட்டாளா? குளிர் பழக வேண்டுமாம். மீன் கடை ஐஸ் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். மீன்காரம்மா கத்தினாள்: "இந்தாம்மா, மீன் வாங்கிக்கினு போறியா, இல்ல உன்னையும் எடை போட்டு வித்துடட்டா?"

அந்த டிசம்பரில் எனக்கு வேலை போயிருந்தது. படுத்தால் வாடகைக் கணக்குத்தான் ஓடும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், போனை நோண்டுவேன், மறுபடி படுப்பேன். வாரக்கணக்கில் சரியான தூக்கமில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கடையில் சண்டை போட்டு லீவு வாங்கி வந்து என் போர்வையை உருவினாள்.

"ஏட்டி, எந்திரி. ஏலகிரி போறோம். காலு வலிச்சாத்தான் மனசு சும்மா கெடக்கும்."

மலையில் அவள் நடக்கவில்லை, பாய்ந்தாள். பனிமூட்டத்துக்குள் "வாட்டி, வாட்டி" என்ற குரல் மட்டும் முன்னால் போனது. வாங்கிய மூச்சில் எனக்கு வேலை, வாடகை எதுவும் நினைவில் இல்லை. ஈர மண் வாசனை. எங்கோ ஒரு பறவை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, "ரெண்டே நிமிஷம்க்கா" என்று ஒரு பாறையில் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது பனி கலைந்து, வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. என் முகத்தில் மட்டும் நிழல். வெயிலுக்குக் குறுக்கே, முதுகைக் காட்டிக்கொண்டு, செங்கல் அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பதறி எழுந்தேன். "அக்கா! எழுப்பியிருக்கலாமே? நீங்க உச்சிக்குப் போகலையா?"

"மேல என்ன இருக்கு, இன்னொரு பாறைதான். நீ விட்ட கொறட்டையில ரெண்டு கொரங்கு பயந்து ஓடிட்டு."

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது, "சறுக்கும்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் பாதை முடிந்து தார் ரோடு வந்த பிறகும் விடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.