சம்பத்தின் பின் சீட்டு

துவைக்கிற கல்லின் மேல் சிவசங்கரி ஓங்கி ஓங்கி அடித்தது குழந்தைத் துணியைத்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் புருஷன் சம்பத்தின் முதுகில் வந்து விழுந்தது. துணி துவைக்கிற சத்தத்தை வைத்தே வீட்டு நிலவரம் சொல்கிற அளவுக்கு அவன் தேறியிருந்தான்.

"ஏங்க."

மெதுவான குரல். அவள் மெதுவாகப் பேசினால் காருக்கு அடியிலேயே இருந்துவிடுவது நல்லது.

"இன்னா?"

"பாப்பா துணி ஒண்ணு கொறையுது."

சம்பத் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தான். முழுக்கக் கறுப்பாகியிருந்தது. மூலையில் தைத்த வாத்து மட்டும் இன்னும் வெள்ளையாக நீந்திக்கொண்டிருந்தது.

"நூல் கழிவுல தொடைச்சா பஞ்சு வுட்டுக்கினு டீசல் பில்டரை அடைக்குது சங்கரி. தொவைச்சுத் தொவைச்சுப் பழசான பாப்பா துணிதான் மெத்துன்னு கீது."

"மெத்துன்னு இருக்கட்டும்னுதான் புள்ளைக்கு வெச்சிருந்தேன். அந்தக் காரைத் தொடைக்கறப்ப உங்க மூஞ்சி எப்படிப் பூரிச்சுப் போவுது! நான் பிரசவமாகி வந்தப்ப அந்த மூஞ்சிய எங்க கழட்டி வெச்சிருந்தீங்க?"

அவளுக்குக் காரின் மேல் பொறாமை. அதை மறைக்கவும் இல்லை. சக்களத்தி என்றால் ஒரு பேர் இருக்கும், பேரைச் சொல்லித் திட்டலாம். இதற்கு நம்பர் பிளேட்டுதானே இருக்கிறது என்பாள். அவள் வயிற்றெரிச்சலும் நியாயம்தான். ஆந்திர எல்லை நகரியில் தறி ஓட்டுகிற சம்பத்துக்கும் அந்த டீசல் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. காலையில் அதைக் கிளப்ப வேண்டுமென்றால் கைப்பம்பை அமுக்கி அமுக்கி டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அப்புறம் ஹீட்டர் விளக்கு அணைகிற வரைக்கும் சாவியைப் பிடித்துக்கொண்டு "வாம்மா, என் கண்ணு, வாம்மா" என்று கெஞ்ச வேண்டும். சிவசங்கரியை அவன் ஒருநாளும் அப்படி எழுப்பியதில்லை.

சம்பத்துக்கும் பொறாமை இருந்தது. அது எதிர்வீட்டு முரளிதரன் மேல். அவரும் பெண்டாட்டி ரேஷ்மாவும் புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து சம்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் முரளிதரன் இவன் காரைப் பார்த்து வயிறு எரிய வேண்டும் என்பதே அவன் வேண்டுதல். அதற்காக லாரி ஹாரன் வைத்தான். முன்னால் மஞ்சள் விளக்கு வைத்தான். கடைசியில் பின் சீட்டையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பீரோ மாதிரி ஒரு ஸ்பீக்கர் பெட்டியை ஏற்றினான். கழற்றின சீட்டு தறிக் கொட்டகையில் கிடந்தது. மத்தியானத்தில் சம்பத் அதன் மேல் கிடந்தான்.

இந்த நேரம் பார்த்து சிவசங்கரியின் தங்கை கௌசிகாவுக்கு வளைகாப்பு வந்தது. வெதுருகுப்பத்தில், அம்மா வீட்டில். அக்காதான் முதல் வளையல் போட வேண்டும்.

"கார்ல போலாங்க."

"பின்னாடி சீட்டு எங்க கீது?"

"பொட்டியக் கழட்டுங்க."

"அந்தப் பொட்டியக் கழட்டறதும் என் ஈரலைக் கழட்டறதும் ஒண்ணு. பஸ்ஸுல போ. புத்தூர்ல எறங்கி மாறினா ஆச்சு."

"இடுப்புல புள்ள, கையில சீர்த்தட்டு. ரெண்டு பஸ்ஸு எப்படி ஏறுவேன்?"

"ஜன்னலோரமா பார்த்து உக்காந்துக்கோ."

சிவசங்கரி சண்டை போடவில்லை. அழவும் இல்லை. சம்பத் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "எதிர்வூட்டுக் கார்ல உக்காந்து பார்த்தேங்க."

"உக்காந்தியா!"

"ரேஷ்மாக்காதான் உக்காரச் சொல்லிச்சு. பின் சீட்டு இன்னா மெத்து தெரியுமா? பாப்பா சாஞ்சதும் தூங்கிப்போச்சு."

"தூங்கிப்போச்சா!" மகளே எதிரிக் கட்சியில் சேர்ந்துவிட்டதைச் சம்பத்தால் தாங்க முடியவில்லை.

"ரேஷ்மாக்காவுக்கும் வெதுருகுப்பந்தானேங்க அம்மா வூடு. அவங்களும் வளைகாப்புக்கு வர்றாங்களாம்."

பிய்த்த தோசை தட்டிலேயே விழுந்தது. சம்பத்தின் கண் முன்னால் காட்சி ஓடியது. முரளிதரன் கார் மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அதிலிருந்து சிவசங்கரி ராணி மாதிரி இறங்குகிறாள். ஊரே கூடி நின்று, "மாப்பிள்ளை வண்டி இன்னா ஆச்சு, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டாரா?" என்று கேட்கிறது.

"ஓரி தேவுடா! அந்தாளு வண்டில என் பொண்டாட்டி போவறதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"நான் ஒண்ணும் சொல்லலையேங்க" என்று அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

பெட்டி இறங்கியது. தறிக் கொட்டகையிலிருந்து சீட்டு வந்து ஏறியது. சம்பத்தே சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

அடுத்த நாள்: "அவரு வண்டி ஹாரன் அடிச்சா பூனைக்குட்டி கூப்புடற மாதிரி கீதுங்க. புள்ள முழிக்கறதே இல்லை."

லாரி ஹாரன் இறங்கி, அந்த இடத்தில் புதுசாக ஒரு சின்ன ஹாரன் ஏறியது.

அதற்கும் அடுத்த நாள்: "ரேஷ்மாக்கா சீட்டுக்குப் பூப்போட்ட உறை போட்டிருக்குது."

சம்பத் திருப்பதிக்கே போய் அதைவிடப் பெரிய பூப்போட்ட உறை வாங்கி வந்தான். மாட்டிவிட்டு எதிர்வீட்டைப் பார்த்தான். அங்கே புதுக் கார் கொஞ்ச நாளாகவே தார்ப்பாய் மூடி நின்றது.

"என் கண்ணு பட்டுடுமாம். முக்காடு போட்டு வெச்சிருக்காரு பாரு!"

சிவசங்கரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புகை கண்ணில் பட்ட மாதிரி உள்ளே போய்விட்டாள். அடுப்பு அப்போது எரியவில்லை. சம்பத் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். முதல் "வாம்மா"வுக்கே கார் கிளம்பியது. குழந்தையோடு சிவசங்கரி முன்னால் ஏறிக்கொண்டாள். சம்பத் நேராகக் கொண்டுபோய் முரளிதரன் வாசலில் நிறுத்தினான். அவர் எட்டிப் பார்க்க வேண்டும், பார்த்து வெந்து சாக வேண்டும் என்று புது ஹாரனை அடித்தான். அது பூனைக்குட்டி மாதிரி கூப்பிட்டது.

முரளிதரன் வெள்ளை வேட்டியில் வந்தார். பின்னாலேயே சீர்த்தட்டோடு ரேஷ்மா. இரண்டு பேரும் பின் கதவைத் திறந்து, ஏறி, உட்கார்ந்துவிட்டார்கள்.

"கரெக்டா வந்துட்டியே சம்பத்து!"

"அண்ணா... உங்க வண்டி?"

"அதை ஏன் கேக்கற? எலி பூந்து ஒயரையெல்லாம் துன்னுட்டுச்சு. வெளிய தெரிஞ்சா மானம் பூடும்னு மூடி வெச்சிருக்கேன். உங்க வூட்டம்மாதான், 'எங்க வண்டில பின் சீட்டு ரெடியாவுது, நீங்களும் வந்துடுங்க'ன்னு எங்க வண்டில உக்காந்த அன்னிக்கே சொல்லிட்டாங்களே!"

சம்பத் மெல்லத் தலையைத் திருப்பினான். "சங்கரி, அவரு வண்டில போறதாத்தானே நீ சொன்ன?"

"சீட்டு மெத்துன்னு கீதுன்னு சொன்னேன். போலாம்னு எப்பங்க சொன்னேன்?" என்று அவள் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள்.

கார் நகர்ந்தது. முரளிதரன் காலை நீட்டினார். பூவின் மேல் நன்றாகச் சாய்ந்தார். பெருமூச்சு விட்டார்.

"சும்மா சொல்லக்கூடாது சம்பத்து. உன் வண்டியப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுப்பா."

எத்தனை நாள் தவம்! சம்பத் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடிப் பிடித்தான். "நெஜமாவா அண்ணா? இன்னொரு தரம் சொல்லுங்க, அப்படி இதுல உங்களுக்கு இன்னா புடிச்சிரு..."

"புத்தூர் வந்தா எழுப்புப்பா" என்றார் முரளிதரன், பஸ் கண்டக்டரிடம் சொல்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு.