நைட்டி செக்‌ஷனில் ஒரு நீல ஸ்டூல்

பழனி முருகனே மலையிறங்கி வந்தாலும் எழுந்து நிற்காத பெண் ஒருத்தி திண்டுக்கல்லில் இருந்தாள் என்றால், அது எங்கள் ஸ்டூல் அக்காதான். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவளுக்காவது இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில், நைட்டி செக்‌ஷனில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். ஈ எறும்பு கூட வராத மத்தியானத்திலும் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். அந்தச் சட்டத்தை மதிக்காத ஒரே ஜீவன் அக்கா. ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் அவள் கையில் இருக்கும்.

“என்னம்மா, உக்காந்திருக்க?” என்று மேனேஜர் பாய்வார்.

“உக்காரல சார். கீழ் ரேக்குல நைட்டி அடுக்குறேன்.”

ஒரே நைட்டியை இரண்டு மணி நேரம் அடுக்குவாள்.

வீட்டுக்குப் போகும் கன்னிவாடி பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஸ்டூலுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரிடம், “நீ உக்காந்திருக்க சீட்டுக்கு எடுத்துட்டியாப்பு?” என்று கேட்டாள். அவர் முன்பக்கம் போய்விட்டார். இதெல்லாம் பரவாயில்லை. முதலாளியின் அப்பா இறந்தபோது, ஸ்டாஃப் எல்லோரும் மாலையோடு வரிசையில் நிற்க, அக்கா நடுவில் ஸ்டூலைப் போட்டாள். மேனேஜர் கண்ணை உருட்டினார். “பெரியவரே படுத்துட்டாரு, நான் உக்காந்தா என்ன சார்?” என்றாள். செத்த வீட்டில் சிரிப்பை அடக்க நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு பெண் பிள்ளை. அவளைப் பெற்ற பிறகு அடிவயிற்றில் ஒரு வலி குடியேறியிருந்தது. காலையில் இருக்காது. நிற்க நிற்க ஏறும், சாயங்காலம் அடிவயிறு கல்லாகக் கனக்கும். படுத்தால் இறங்கிவிடும். ஸ்கேனில் எல்லாம் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். வீட்டிலும் சரி என்றார்கள். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை யாரிடம் சொல்வதென்று தெரியாமல், நைட்டிகளுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அக்கா என்னை ஸ்டூலில் உட்கார வைத்து விஷயத்தைக் கேட்டாள்.

“எனக்கும் இதே வலிதான்டி. பத்து வருசத்துக்கு முந்தி எடுத்துட்டாக. பை போச்சு, வலி போகல. இந்த ஸ்டூலு வந்துச்சு.”

அதுவரை அது அவளுடைய திமிர் என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அரைநாள் லீவு போட வைத்து வேறொரு ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப் போனாள். சின்ன வயது டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொன்னார். அக்கா ஸ்டூலோடு குறுக்கே வந்தாள்.

“நின்னாத்தேன் வலிக்குதுங்கிறா, படுக்கப் போட்டுப் பாக்குறீகளே! ஓடயில சத்தம் போடுற பஸ்ஸ டிப்போவுல நிப்பாட்டிப் பாத்தா என்ன தெரியும்?”

வெளியே தள்ளப் போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா சிரித்தார். “நியாயமாத்தான் கேக்குறாங்க. எந்திரிங்க, நிக்க வச்சே பாத்துருவோம்” என்றார்.

நிற்க வைத்ததும் தெரிந்துவிட்டது. காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுபோல, கர்ப்பப்பையைச் சுற்றி ரத்தக்குழாய்கள் வீங்கி, ரத்தம் மேலே ஏறாமல் தேங்கியிருந்தது. “மொதல்ல மாத்திர குடுத்துப் பாப்பாங்க. கேக்கலன்னா மதுரையில மெல்லிசா ஒரு ட்யூப் விட்டு, வீங்குன குழாய உள்ளயே அடச்சிருவாங்க. பெரிசா அறுக்குறது, தையல் போடுறது கெடையாது. கர்ப்பப்பைய எடுக்குறது கடைசிப் பேச்சு” என்றார் டாக்டரம்மா. பிறகு அக்காவைப் பார்த்து, “பை எடுத்த பெறகும் இது இருக்கலாம். நீங்களும் பாத்துக்கங்க” என்றார். அக்கா ஸ்டூலை டாக்டரம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாத்திரை எனக்குச் சரிவரவில்லை. மதுரைக்குப் போனேன். இரண்டே நாளில் வீடு திரும்பினேன். வலி ஒரேயடியாக ஓடவில்லை, மாதத்துக்கு மாதம் குறைந்தது. அடுத்து அக்காவும் போய் வந்தாள். “முக்கால்வாசி போயிருச்சுடி” என்றாள். ஆனாலும் ஸ்டூலை விடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து நான் உண்டானேன். அன்றிலிருந்து அந்த ஸ்டூல் என் இடத்துக்கு வந்தது. நைட்டி மலைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். அக்கா முன்னால் காவல் நிற்பாள்.

“எங்கம்மா அவ?” என்பார் மேனேஜர்.

“கீழ் ரேக்குல நைட்டி அடுக்குறா சார்.”

செத்த நேரம் நீயும் உட்காரேன்க்கா என்று கெஞ்சுவேன், கேட்க மாட்டாள். முருகனுக்கே எழுந்து நிற்காதவள், என் மகன் பிறக்கும் வரை எனக்காக நின்றுகொண்டே இருந்தாள்.