கையிருப்பு: இல்லை

ஒரு காட்டில் மிருகங்கள் எல்லாம் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்தன என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்தக் காட்டில் அமிலக் கட்டுப்பாட்டு அலுவலகம் திறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

திறந்ததற்குக் காரணம் உண்டு. ஓடைத் தண்ணீரைக் குடித்த மான்குட்டிகள் வயிறு வலித்துச் சுருண்டன. எழுந்து நின்றால் கால் தள்ளாடியது. மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. மருதாயி என்ற பெண்மான் தன் குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி அழைத்துப் போய் சிங்கராஜா முன்னால் நிறுத்தி அழுதாள். ராஜா மனம் இளகிவிட்டார். மனம் இளகியதால் ஒரு படிவம் பிறந்தது. அமிலம் வைத்திருப்போர் அனைவரும் ஏழாம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து தர வேண்டும் என்று ஆணை.

ஓடைக்கரை மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புக் கூட்டத்துக்குச் செங்காயிதான் பெரியக்கா. முசுறுகளின் வயிற்றில் அமிலம் ஊறும். கடித்த இடத்தில் அதைப் பீய்ச்சினால் யானைகூடத் துள்ளும். அது ஒன்றுதான் பத்தாயிரம் பேருக்கும் பாதுகாப்பு. செங்காயி நேர்மையானவள். ஆணையைக் கேட்ட அன்றே அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் வரிசாமி என்ற கழுதைப்புலி நின்றது. காட்டோரம் மனிதர்கள் கொட்டிய பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி எடுப்பது அதன் தொழில். அது நீட்டிய படிவத்தில் 'கையிருப்பு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. டப்பென்று முத்திரை விழுந்தது.

செங்காயி நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செதிலப்பர். எறும்பு தின்னியான அழுங்கு. அவள் ஆறு காலாலும் பின்வாங்கினாள்.

"பயப்படாதேம்மா. டூட்டி நேரத்துல நான் சாப்பிடறதில்ல" என்றார் செதிலப்பர். "அமிலம் எங்கே வச்சிருக்கே?"

"வயித்துல சார்."

"எத்தனை லிட்டர்?"

"லிட்டரா? ஒரு சொட்டுல பத்துல ஒரு பங்குகூட வராது சார்."

"கட்டம் லிட்டருக்குத்தாம்மா போட்டிருக்கு. ஒண்ணுக்குக் குறைச்சு எழுத வழியில்ல. தலைக்கு ஒரு லிட்டர். மொத்தம் எத்தனை தலை?"

"பத்தாயிரம்..."

"பத்தாயிரம் லிட்டர்" என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

சாயங்காலத்துக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஓடைக்கரையிலேயே பத்தாயிரம் லிட்டர் அமிலக் கிடங்கு! மான்குட்டிகளின் நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது! மருதாயி மாமரத்தடிக்கு வந்து நின்றாள். திட்டவில்லை. "உனக்கும் குஞ்சு குளுவான் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். செங்காயிக்கு அது நெருப்பை அள்ளிப் போட்டது போல இருந்தது.

மறுநாள் நோட்டீஸ் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை அமிலம் பறிமுதல் செய்யப்படும். செங்காயி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அமிலத்தை மட்டும்தானே சார் எடுப்பீங்க?"

"பாத்திரத்தோட எடுக்கணும்னு விதியில இருக்கும்மா" என்றார் செதிலப்பர். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. "பாத்திரம்னா நீங்கதான்."

வேறு வழி தெரியாமல் செங்காயி வரிசாமியின் பட்டறைக்குப் போனாள். கரும்புகை கண்ணை எரித்தது. உடைந்த பேட்டரிகள் மலையாகக் கிடந்தன.

"அண்ணே, இத்தனை பேட்டரிக்குள்ள இருந்த அமிலம் எங்கே? உங்க படிவத்துல இல்லைன்னு எழுதியிருந்ததே?"

கழுதைப்புலி சிரித்தது. "இல்லைதானே! உடைச்ச உடனே ஓடையில கவுத்துடறேன். கையில சொட்டு கிடையாது. அவங்க கேக்கறது கையிருப்பை, தங்கச்சி. ஊத்தினதுக்கு ஏது கட்டம்?"

செங்காயி மரத்துக்குத் திரும்பினாள். மருதாயியின் குட்டி நினைவுக்கு வந்தது. கூட்டுக்குள் நெளியும் தன் குஞ்சுகளும் நினைவுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை காலையில் பத்தாயிரம் பேரையும் தண்ணீருக்கு மேல் நீண்ட கிளைக்கு அழைத்துப் போய், "எல்லாரும் வயித்தைக் காலி பண்ணுங்கடி" என்றாள்.

செதிலப்பர் பசியோடு வந்தார். ராஜாவின் சாட்சியாக மயில் ஒன்றும் வந்தது. செதிலப்பர் செம்பருத்திப் பூச்சாறு தோய்த்த காகிதத்தால் எறும்புகளின் வயிற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அமிலம் பட்டால் சிவக்க வேண்டிய காகிதம் கத்தரிப்பூ நிறத்திலேயே இருந்தது. மயில் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவரால் நாக்கை நீட்டவும் முடியவில்லை. பல் இல்லாத வாயை மென்றபடி 'கையிருப்பு: இல்லை' என்று எழுதினார்.

கைதவறிக் காகிதம் ஓடையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே ரத்தச் சிவப்பானது.

"சார், தண்ணி!" என்றது மயில்.

"தண்ணி நம்ம இலாகா இல்ல" என்று செதிலப்பர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

எறும்புகளின் வயிற்றில் இரண்டு நாளில் மறுபடி அமிலம் ஊறிவிட்டது. அடுத்த வாரம் ராஜா விழா எடுத்தார். 'அமிலமற்ற இல்லம்' என்ற சான்றிதழ் ஒரே மேடையில் வரிசாமிக்கும் செங்காயிக்கும் வழங்கப்பட்டது. செங்காயி தன்னைவிட நூறு மடங்கு பெரிய காகிதத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு தடுமாறி இறங்கினாள். கீழே மருதாயி குட்டியோடு காத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோ தாயி, உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள். "கிடங்கு காலியாயிடுச்சுன்னு சொன்னாங்க. இனிமே புள்ளைக்கு ஓடைத் தண்ணி குடுக்கலாம்ல?"

பதில் சொல்ல வேண்டுமானால் செங்காயி வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் சான்றிதழ் சேற்றில் விழும்.

அவள் கவ்விக்கொண்டே நின்றாள். பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மருதாயி குட்டியை ஓடைப் பக்கம் திருப்பினாள்.

நீதி: விஷத்தை ஒருபோதும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள்; ஓடையில் விட்டுவிடுங்கள். ஓடை எல்லோருக்கும் சொந்தம், எல்லோருக்கும் சொந்தமானதற்குப் படிவம் கிடையாது.