குடைமிளகாய் வதைப் படலம்

வாழ்க நாடாமாலை சூடிய மார்பினர்! வாழ்க ஊசிக்காதின் இருளிலும் வழி கண்ட கூர்விழியார்! இருபத்துமூன்று ஆண்டுகளாகக் கடைத்தெருவின் ஒன்பதாம் எண் கடையில், மிதித்தால் முழங்கும் இயந்திரத்தின் முன் வீற்றிருந்து, பெருத்த இடைகளைச் சிறுத்தனவாகவும் சரிந்த தோள்களை நிமிர்ந்தனவாகவும் காட்டி, ஊராரின் உண்மை வடிவை ஊராரிடமிருந்தே மறைத்துக் காத்தருளிய தையற்பெருந்தகை அவர். கத்தரி பிடித்த அவர் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. சொன்ன தேதிக்கு ஒருநாளும் துணி கொடுத்ததுமில்லை. அத்தகையவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, தம் வீட்டுச் சமையலறையில், நான்கு குடைமிளகாய்களை எதிர்த்து நின்ற வரலாற்றைச் சொல்லப் புகுகிறேன். காய் வெட்டும் பலகையே, நீதான் சாட்சி. மறந்த இடத்தில் எடுத்துக்கொடு.

போர் மூண்டது ஒரு சொல்லால். நம் வீரரின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகளின் நாடிக்கும் மருத்துவர்களின் மறதிக்கும் ஒருங்கே காவல் நிற்பவர். பத்து மணிநேரம் கால்கடுக்க நின்றுவிட்டு வந்து, உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்பு மூட்டி, செவ்வாய்க்கிழமையன்று அவர் படைத்த குடைமிளகாய்ப் பொரியலைத் தட்டில் பரப்பி, அளவெடுக்கும் கண்ணால் நோக்கிய நம் வீரர், வாய் சும்மா இருக்கமாட்டாமல் இவ்வாறு முழங்கினார்:

“ஒரு துண்டு பட்டன் சைஸ், ஒரு துண்டு பாக்கெட் சைஸ். என் கடையில இப்படி வெட்டினா ஒரு ஆள் உள்ள வருவானா?”

கரண்டி கீழே வைக்கப்பட்டது. அதன் ஓசை சிறிதுதான். ஆனால் கூடத்தில் உண்டுகொண்டிருந்த மச்சான், அதாவது அந்த அம்மையின் அண்ணன், பேருந்து ஓட்டி ஓட்டி எந்த ஓசைக்கும் அசையாதவர், அதைக் கேட்டுத் தலைநிமிர்ந்தார். அம்மை திருவாய் மலர்ந்தார்:

“அப்ப வெள்ளிக்கிழமை நீங்களே வெட்டுங்க, நீங்களே சமைங்க. நான் டியூட்டி முடிஞ்சு ஆறரைக்கு வர்றப்ப தட்டுல சாப்பாடு இருக்கணும். இருந்துச்சுன்னா இனிமே நீங்க சொல்ற சைஸ்ல வெட்டறேன். இல்லைன்னா என் காய் வெட்டைப் பத்தி ஆயுசுக்கும் வாயத் திறக்கக்கூடாது. அண்ணா, நீதான் சாட்சி.”

“சாட்சிக்கும் சாப்பாடு உண்டில்ல?” என்றார் மச்சான். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுவே.

இதுவரை வெளியே தெரிந்த காரணம். உள்ளே மறைந்த காரணம் ஒன்று உண்டு. அதை வீரர் எவரிடமும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். புதன்கிழமையன்று மனைவியின் வெள்ளைக் கோட்டைக் கைதளர்த்தித் தைப்பதற்காக அவர் கடைக்கு எடுத்துச் சென்றார். அதன் பையில் ஒரு பிஸ்கட் இருந்தது. நின்றபடியே கடித்து, யாரோ கூப்பிட, பாதியில் பைக்குள் போட்டு மறந்த பிஸ்கட். பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அவர் அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பையை ஓர் அங்குலம் ஆழமாக்கித் தைத்தார். பிறகு, வெள்ளிக்கிழமை அவள் உட்கார்ந்தபடி, சூடாக, எழுந்திருக்காமல் சாப்பிட வேண்டும் என்று முடிவுசெய்தார். அதன்பின் பந்தயமெல்லாம் ஒரு சாக்குத்தான்.

இனிப் பகைவரைப் பாடுவோம். பச்சையர் இருவர், சிவந்தவர் ஒருவர், மஞ்சளாடையர் ஒருவர் என நால்வரும் மேடைமேல் அணிவகுத்து நின்றனர். மெழுகிட்டாற்போன்ற மேனி, மடிப்பு மடிப்பான தொடை, தலையில் வளைந்த காம்புக் கிரீடம், தட்டினால் ‘டொக்’ என்னும் வீரமுழக்கம். உள்ளே காற்றைத் தவிர வேறொன்றுமின்றி, வெளியே இத்தனை மிடுக்கைக் காட்டும் ஆற்றல் பெரிய பதவியில் இருப்பவர்களுக்கே வாய்க்கும். அவர்களைத் துண்டுதுண்டாக வெட்டுவது நம் வீரருக்குப் பெருமையன்று. முழுதாகத் தலைகொய்து, குடல் நீக்கி, உருளைக்கிழங்கு மசியலை உள்ளே அடைத்து, மூடி போட்டு வேகவைத்து, கோட்டும் சூட்டும் அணிந்தவர்போல் தட்டில் நிறுத்துவதே அவர் திட்டம்.

படைக்கலங்கள் கடையிலிருந்து வந்திருந்தன. கழுத்தில் அளவுநாடா, காதில் சுண்ணக்கட்டி, மேடையில் ஊசிகள் குத்திய பஞ்சுருண்டை. வெட்டுக்கோட்டைச் சுண்ணத்தால் வரையப் போனார்; வழுக்குமேனிப் பகைவர் சுண்ணத்தை ஏற்கவில்லை. நாடாவால் சுற்றளவு எடுத்தார். நால்வருக்கும் நான்கு அளவு. அளவுப் புத்தகத்தில் ‘பச்சைப் பெரியவர், இடை பதினொன்றரை’ என்று குறித்துக்கொண்டார். பின்னர், கத்தியை ஓங்கிய அக்கணத்தில், தொழில் தந்த ஞானம் அவர் நெஞ்சில் மின்னலென வெட்டியது. காய் வெந்தால் சுருங்கும்! பருத்தித் துணியும் நனைந்தால் சுருங்கும். துணியை முதலில் நனைத்துச் சுருக்கி, அதன் பிறகே வெட்டுவான் தேர்ந்த தையற்காரன். வெட்டித் தைத்தபின் சுருங்கவிடுபவன் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

“முதல்ல சுருங்கட்டும், அப்புறம் வெட்டறேன்!” என்று அவர் அறிவித்தார்.

கூடத்தில் நாளிதழ் விரித்திருந்த மச்சான், “என்ன மாப்ள, காயைத் துவைக்கப் போறீங்களா?” என்றார். பச்சைப் பெரியவர் கொதிநீரில் இறக்கப்பட்டார். துணிக்கு அரைமணி என்பது கடை வழக்கம்; காய்க்கும் அரைமணியே விதிக்கப்பட்டது.

அந்த அரைமணியில் அவர் வெங்காயம் வதக்கினார், கிழங்கை மசித்தார், மஞ்சள்தூள் தூவினார், மிளகுத்தூள் தூவினார், அடுத்த டப்பாவுக்குக் கை நீட்டிய அந்நேரத்தில் கொதிநீர் பொங்கிச் சீறி அடுப்பை அணைத்தது. ஓடினார். மூடி திறந்தார். அந்தோ! நிமிர்ந்து நின்ற பச்சைப் பெரியவர், மழையில் நனைந்த தொப்பியாய்த் துவண்டு பானையடியில் கிடந்தார். கரண்டியால் தூக்கினால் காம்பு மட்டும் வந்தது. மற்றதெல்லாம் வர மறுத்தது. வீரர் அளவுப் புத்தகத்தை எடுத்து அவர் பெயரை அடித்தார்.

மூவர் எஞ்சினர். உண்பவரும் மூவர். இனி ஒருவரையும் இழப்பதற்கில்லை என்பதை உணர்ந்து, மணி ஐந்தரையைத் தொட்டதையும் உணர்ந்து, வேர்வையை நாடாவால் துடைத்துக்கொண்டு, கத்தியைக் கழுவி, இடக்கையால் சிவந்தவரின் தோளைப் பற்றி, காம்பைச் சுற்றி வட்டமாக ஒரே வீச்சில் தலைகொய்தார் பாருங்கள்! என்ன வெட்டு! சட்டைக் கழுத்து வெட்டிய கையல்லவா அது! ஒரு பிசிறு இல்லை. ஆனால் உள்ளிருந்த விதைப்படையோ வெளியே பாய்ந்து, மேடையிலும் தரையிலும் புருவத்திலும் அளவுநாடாவின் நாற்பதாம் அங்குலத்திலும் ஒட்டிக்கொண்டு, தட்டினால் இடம் மாறியதேயன்றி நாட்டை விட்டுப் போகவில்லை. வெள்ளை நரம்புகளை விரலால் கிள்ளி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, ஒவ்வொருவராக மூவரையும் அவர் வெறுமையாக்கி முடித்தபோது, சமையலறை ஒரு கோழிப்பண்ணைபோல் இருந்தது.

மசியல் அடைக்கப்பட்டது. மூடிகள் வைக்கப்பட்டன. வாணலியில் ஏற்றியதும் மூடிகள் விழுந்தன. மீண்டும் வைத்தார், மீண்டும் விழுந்தன. மூன்றாம் முறை மஞ்சளாடையர் மூடியோடு மசியலையும் கக்கினார். மணி ஐந்து ஐம்பது. வேறொருவராக இருந்தால் இங்கே தலையில் கைவைத்திருப்பார். நம் வீரரின் கையோ பஞ்சுருண்டைக்குப் போனது.

ஆம், தைத்தார். வெள்ளை நூல் கோத்து, வெளியே தெரியாத தையலில், மூன்று தலைகளையும் மூன்று உடல்களோடு இணைத்தார்.

மச்சான் எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். “மாப்ள, பட்டனும் வச்சிருங்க. கழட்டி மாட்ட வசதியா இருக்கும்.”

“நூலை உருவிட்டுத்தான் குடுப்பேன் மச்சான். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

ஆறரைக்குக் கதவு திறந்தது. அம்மை வந்தார், காலணியைக் கழற்றும்போதே ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். தட்டுகள் மூன்று, அவற்றில் ஆவி பறக்க, இளமஞ்சளும் செம்மையும் பசுமையுமாக, கிரீடம் சாயாமல், நூல் உருவிய தடமும் தெரியாமல் மூவர் வீற்றிருந்தனர். அம்மை சமையலறைப் பக்கம் போகத் திரும்பினார்.

“நீ உட்காரு,” என்றார் வீரர். “இன்னைக்கு நீ எழுந்திருக்கவே கூடாது.”

அம்மை தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வரவா வேண்டாமா என்று நின்றது. கரண்டி உயர்ந்தது.

அந்நேரம் வீரரின் கை, அவரைக் கேளாமலே, பஞ்சுருண்டையை எடுத்தது. முன்னொரு காலத்தில், அவர் தைத்த கால்சட்டையில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்த நாள் முதல், ஊசிகளை எண்ணாமல் அவர் கடை மூடியதில்லை. பன்னிரண்டு இருக்க வேண்டும். எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றே.

“நிறுத்துங்க!” என்று அவர் இட்ட முழக்கத்தில் மச்சானின் கரண்டி வாய்வாசலில் உறைந்தது. “யாரும் வாய்ல வைக்காதீங்க! ஒரு ஊசி குறையுது!”

வீரரின் முகம் வெளுத்தது. சூடான சாப்பாடு, உட்கார்ந்த மனைவி, எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்து, ஓர் அங்குல இரும்பால் கெட்டதே! அவர் பாதி பிஸ்கட்டை நினைத்தார். அழுகை வரும்போல் இருந்தது.

அம்மை சினக்கவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டார். “எங்க வார்டுல ஊசிக் கணக்கு சரியா வரலைன்னா ஒருத்தரும் வெளிய போகமுடியாது. தட்டைக் குடுங்க,” என்றார். உட்கார்ந்தபடியே, கிரீடம் சூடிய மூவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பிளந்தார், கிழித்தார், விரலால் அழுத்தி அழுத்தி மசியலைத் துழாவினார். வீரர் இரண்டு மணிநேரம் கட்டிய கோட்டை மூன்றே நிமிடத்தில், பட்டன் சைஸிலும் பாக்கெட் சைஸிலுமாக, ஒரே குவியலாயிற்று. ஊசி இல்லை.

“ஒருவேளை அந்தத் துவைச்ச ஆளு முழுங்கியிருப்பாரோ?” என்றார் மச்சான்.

தரையில் தேடுவதற்காக வீரர் குனிந்தார். அம்மையின் கண் அவர் கழுத்தில் நின்றது. “ஏங்க, அப்படியே இருங்க.” சட்டைக் காலரின் பின்மடிப்பிலிருந்து, நூல்வால் தொங்க, பன்னிரண்டாம் ஊசியை உருவி எடுத்தார். அவசரம் வந்தால் காலரில் குத்திக்கொள்வது வீரரின் இருபத்துமூன்று வருடப் பழக்கம்.

முதலில் சிரித்தது மச்சான். பிறகு அம்மை, கண்ணில் நீர் வரும்வரை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வீரர் தரையிலிருந்து எழாமலே, “பாதி பிஸ்கட்டைத் தின்னுட்டு நிக்கிறியே, ஒரு நாளாவது உக்காந்து சாப்பிடட்டும்னு பாத்தேன்,” என்றார். சிரிப்பு நின்றது. அம்மை அந்தக் குவியலைத் தம் தட்டில் பாதிக்குமேல் தள்ளிக்கொண்டு, இன்னும் ஆவி அடங்காத அதில் ஒரு கரண்டி அள்ளினார்.

அளவுகளின் அதிபதியே, பிசிறற்ற வெட்டின் பேரரசே, நால்வரை வென்று ஒருவரிடம் தோற்ற தையற்குலத் தனிச்சுடரே, ஒன்றோடொன்று ஒவ்வாத அத்துண்டுகளைக் கண்டும் வாய் திறவாத உன் மௌனம் வாழ்க! அம்மை முதல் கவளத்தை வாயிலிட்டு, மென்று, சற்று நின்று, பழக்கத்தில் நாற்காலியைப் பின்னே தள்ளி எழப் போன அக்கணத்தில் இக்காவியம் நிறைவுறுகிறது.

வீரர் உப்பு போட மறந்திருந்தார். டப்பாவை எடுத்துவர அவரே தரையிலிருந்து எழுந்து போனார்.