பதிப்பு எண் இல்லாத புத்தகம்

"நீங்க படிச்சது சாஃப்ட்வேரோட பழைய பதிப்பு சார்," என்றாள் ஸ்ரீஜா. "நாங்க புதுசுக்கு மாறிட்டோம். அதப் படிச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

குருபிரசாத் தலையாட்டினார். வயது நாற்பத்தாறு. சென்னை கம்பெனி ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட, பழங்காநத்தம் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். புரோகிராமர் வேலைக்கு மதுரையில் அவரைக் கூப்பிட்ட ஒரே அலுவலகம் இது. கேள்வி கேட்ட ஸ்ரீஜாவுக்கு அவர் வயதில் பாதி.

வீட்டில் அஸ்வினி என்ன ஆச்சு என்று கேட்டாள். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு உண்மை வரவில்லை. கிடைத்த மாதிரிதான் என்றார். 'மாதிரி' அவள் காதில் விழவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கேசரி போய்விட்டது.

மறுநாள் முதல் அவர் டிபன் டப்பாவோடு ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. நூலகத்தில் உட்கார்ந்து புதிய பதிப்பை வரிவரியாகப் படித்தார். இரண்டாவது வாரம், இனி நான் எதற்கு ஓட வேண்டும் என்று அஸ்வினி தன் பள்ளிக்கூட வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது ஸ்ரீஜா சங்கடப்பட்டாள். அந்த மென்பொருளையே கம்பெனி கைவிடப் போகிறதாம். நான்கு வருடமாக அவளும் அதைத்தான் கற்று வைத்திருந்தாள். அடுத்து எது என்று அவளுக்கே சொல்லவில்லை.

அன்று நூலகத்தில் அவர் எதையும் படிக்கவில்லை. கணினி அலமாரி முன் நின்று ஒவ்வொரு புத்தகத்திலும் தேதி குத்தும் தாளைப் பார்த்தார். பதிப்பு எண் போட்டவற்றை முதல் இரண்டு வருடம் போட்டி போட்டு எடுத்திருந்தார்கள். அப்புறம் யாரும் தொடவில்லை. அட்டை கிழிந்த ஒன்றில் மட்டும் இருபது வருடமாக முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. எந்த மென்பொருளின் பெயரும் அதில் இல்லை. ஒரு சிக்கலை எப்படித் துண்டுகளாக உடைப்பது, எழுதிய புரோகிராம் எங்கே தப்பும், ஏன் தாமதமாகும், அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு போய் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

அதை முடித்துவிட்டு மூன்றாம் முறை போனபோது ஸ்ரீஜா கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. அவர் கண்டிராத கணினி மொழியில் எழுதிய ஒரு பக்கத்தைக் காட்டினாள். நிதானமாகப் படித்துப் பிழையைச் சொன்னார். எதில் படித்தீர்கள் என்று கேட்டு அவள் புத்தகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

"நாளைலருந்து வாங்க சார்."

வாசலில் காவலாளி முத்திருளனிடம் நின்று சொன்னார். "வேலை கிடைச்சிருச்சுண்ணே. தங்கமான பொண்ணு. இனிமே அதுகூடத்தான் வேலை."

முத்திருளன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பிள்ளைக்கு இங்க இன்னைக்குத்தான் கடைசி நாள் சார். அது எடத்துக்கு ஒரு ஆளப் புடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும்னுட்டாக."